தமிழின் தனி வேரைக் காட்டிய ஆயர் கால்டுவெல்

கிள்ளான் வட்டாரத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அருகருகே வாழ்ந்தனர். தமிழர் மூன்று என்பதை மலையாளி மூன்னு என்பார், தெலுங்கர் மூடு என்பார். தமிழரின் கண், மற்ற இருவர் பேச்சிலும் ஏறக்குறைய அதே கண்தான். இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல, இந்த மொழிகள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று இலக்கணச் சான்றுகளோடு விரிவாக நிறுவியவர் அயர்லாந்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவ ஆயர். அவர்தான் இராபர்ட் கால்டுவெல்.

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் வட அயர்லாந்தில் உள்ள கிளாடி என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து வழிவந்த ஏழைகள். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடியேறியது. இளமையில் ஓவியம் பயின்ற அவர், பின்னர் சமயப் பணியே தம் வழி என்று தீர்மானித்து லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஒருவரின் பாடங்கள் அவருக்கு மொழி ஒப்பீட்டில் ஆர்வத்தை ஊட்டின.

1838 ஜனவரி 8ஆம் நாள் அவர் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23. அதே கப்பலில் வந்தவர் தெலுங்கு அறிஞர் சி. பி. பிரவுன். தமிழைக் கற்பதற்கு முன்பே தென்னிந்திய மொழிகளைப் பற்றிப் பேச அவருக்கு நல்ல துணை கிடைத்துவிட்டது.

சென்னையில் மூன்று ஆண்டுகள் தங்கித் தமிழ் படித்தார். 1841இல் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு மாறினார். மக்களின் வாழ்க்கையை நேரில் பார்க்க விரும்பி, சென்னையிலிருந்து தஞ்சாவூர், திருச்சி, கோவை, நீலகிரி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குக் கால்நடையாகவே பயணம் செய்தார். அவர் போய்ச் சேர்ந்த இடம் இடையன்குடி. செம்மணல் தேரியும் பனைமரங்களும் நிறைந்த சிற்றூர் அது. மக்களில் பெரும்பாலோர் பனையேறிப் பிழைப்பவர்கள்.

அங்கே அவர் ஊரைச் சீர்ப்படுத்தித் தெரு அமைத்தார், பள்ளிக்கூடம் நடத்தினார். 1844இல் நாகர்கோவில் மிஷனரி மால்ட் என்பவரின் மகள் எலைசாவை மணந்தார். குமரி மண்ணிலேயே வளர்ந்த எலைசாவுக்குத் தமிழ் இயல்பாக வந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னும் தொழிலையும் கற்றுக்கொடுத்தார். பெண்கள் எழுத்தறிவது அரிதாக இருந்த காலத்தில் அந்தத் தொழில் குடும்பங்களுக்குக் கைக்காசு தந்தது. இடையன்குடி தேவாலயத்தைக் கட்டும் பணி 1847இல் தொடங்கி 1880இல்தான் முடிந்தது. 33 ஆண்டுகள் பிடித்த வேலை அது.

இந்தப் பணிகளுக்கு இடையேதான் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் லண்டனில் வெளிவந்தது. எல்லா இந்திய மொழிகளுக்கும் சமஸ்கிருதமே தாய் என்று பலர் நம்பியிருந்த காலம் அது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்ற கருத்தை எல்லிஸ் என்ற அதிகாரி 1816இலேயே வெளியிட்டிருந்தார். கால்டுவெல் அதைப் பெயர்ச்சொல், வினைச்சொல், எண்ணுப்பெயர், ஒலி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்டினார். 1875இல் விரிவாக்கி வெளியிட்ட இரண்டாம் பதிப்பில் 12 மொழிகளை எடுத்துக்கொண்டார். தமிழ் வடமொழிச் சொற்களை அறவே விட்டுவிட்டாலும் தன் வளத்தால் நிமிர்ந்து நிற்கும் என்பது அவர் கண்ட முடிவு.

ஆனால் அவர் வாழ்க்கையில் மறைக்க முடியாத ஒரு பக்கமும் உண்டு. 1849இல் திருநெல்வேலி நாடார் சமூகத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். தாம் யாருக்காக உழைத்தாரோ அந்த மக்களையே தாழ்த்திப் பேசிய நூல் அது. படித்து முன்னேறிய தலைமுறை அதைக் கண்டு கொதித்தது. மறுப்பு நூல்களும் கண்டன மனுக்களும் கிளம்பின. பின்னர் நூல் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அவர் திறந்த பள்ளிகளில் கிடைத்த கல்வியே அவரைத் தட்டிக் கேட்கும் துணிவையும் தந்தது எனலாம். தமிழ் இலக்கியத்தின் காலத்தையும் அவர் மிகப் பிந்தியதாகவே கணித்தார். சங்கத் தொகை நூல்கள் பெரும்பாலும் அச்சேறாமல் ஏட்டிலேயே கிடந்த காலம் அது.

1877 மார்ச் 11ஆம் நாள் கல்கத்தாவில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது தென்னாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. 63 வயதை நெருங்கியிருந்த புதிய ஆயருக்கு முதல் வேலை பசித்தவர்களுக்குக் கஞ்சி கிடைக்கச் செய்வதாயிற்று. பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கையில் அவர் அகழாய்வும் செய்தார். திருநெல்வேலி வரலாற்றை 1881இல் நூலாக வெளியிட்டார். 1883இல் கல்விப் பணிக்காகத் தூத்துக்குடிக்கு மாறினார். 1891 ஜனவரியில் ஓய்வு பெற்று, அதே ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் கொடைக்கானலில் காலமானார். மலையிலிருந்து உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர் எழுப்பிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

கால்டுவெல் மறைந்து 75 ஆண்டுகளுக்குப் பின், 1966இல், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அதை முன்னின்று நடத்தியவர் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் கத்தோலிக்கக் குருவுமான தனிநாயகம் அடிகளார். தமிழை உலக அறிஞர்கள் தனித்த செம்மொழியாக வைத்து ஆராய்வதற்குக் கால்டுவெல் போட்ட பாதை பெரிதும் உதவியது. 1968இல் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாகப் பராமரிக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் உறவுகளைப் பார்க்கப் போகும் மலேசியத் தமிழர்கள் ஒருமுறை அங்கே போய் வரலாம். நம் மொழிக்குத் தனி வேர் உண்டு என்று காட்டியவர் அந்தச் செம்மண்ணில்தான் உறங்குகிறார்.