ஜிரோலாமோ கார்டானோ

ஜிரோலாமோ கார்டானோ (செப்டெம்பர் 24, 1501 – செப்டெம்பர் 21, 1576) இத்தாலிய மருத்துவரும் கணிதவியலாளரும் ஆவார். சூதாட்டத்தில் வெற்றி வாய்ப்பை எண்ணிக் கணக்கிடலாம் என்று நூல் எழுதிக் காட்டிய முன்னோடி இவர். ஆனால் அந்தக் கணக்கு இவரைச் சூதிலிருந்து மீட்கவில்லை.

வாழ்க்கை

பாவியா நகரில், திருமணமாகாத பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். பதுவாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிறப்பைக் காரணம் காட்டி மிலான் மருத்துவர் கழகம் இவரை ஏற்க மறுத்தது. 1539 இல்தான் சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட வறுமைக் காலத்தில் சூதாடி, மனைவியின் நகைகளையும் வீட்டுப் பொருள்களையும் அடகு வைத்தார்.

1545 இல் வெளிவந்த இவரது இயற்கணித நூல், முப்படி, நாற்படிச் சமன்பாடுகளின் தீர்வுகளை உலகறியச் செய்தது. 1552 இல் ஸ்காட்லாந்து சென்று பேராயர் ஜான் ஹாமில்டனின் இரைப்பு நோய்க்கு மருத்துவம் செய்தார். மனைவியை நஞ்சூட்டிக் கொன்ற குற்றத்துக்காக மூத்த மகன் 1560 இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1570 இல் சமய விசாரணை மன்றம் கார்டானோவைச் சிறையிட்டது. இறுதிக் காலத்தை உரோமில் கழித்தார். தாம் சுமார் 25 ஆண்டுகள் பகடை ஆடியதைத் தன்வரலாற்றில் வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார்.

சூதாட்ட நூல்

இவரது சூதாட்ட நூல், இறந்து 87 ஆண்டுகளுக்குப் பின்னர் 1663 இல் அச்சேறியது. அதற்குள், 1654 இல் பாஸ்கலும் பெர்மாவும் கடிதங்கள் வழியே நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு அடித்தளம் இட்டுவிட்டனர். இரண்டு பகடைகள் 36 விதமாக விழலாம். அவற்றுள் கூட்டுத்தொகை 10 வருவது 3 விதம். இவ்வாறு, சாதகமான விளைவுகளை மொத்த விளைவுகளோடு ஒப்பிடுவதே கார்டானோவின் முறை. திருக்குறளின் 'சூது' அதிகாரம் சூதை அறத்தின் பார்வையில் கண்டிக்கிறது. கார்டானோவோ எண்ணிப் பார்த்து, ஆடாமல் இருப்பதே பெரும் ஆதாயம் என்ற முடிவுக்கு வந்தார்.

நான்கு சீட்டு ஆட்டங்கள்

ஆளுக்கு 4 சீட்டு பெறும் பிரிமெரோ ஆட்டத்தையும் இந்நூல் விளக்குகிறது. போக்கரின் முன்னோடிகளுள் ஒன்றான அதில், 4 சீட்டும் ஒரே எண்ணாக அமைவது மிக உயர்ந்த கை.

இன்றைய ஓமாகா போக்கரிலும் ஆளுக்கு 4 சீட்டுகளே. 52 சீட்டுகளிலிருந்து 2,70,725 தொடக்கக் கைகள் அமையும். ஆனால் கையிலிருந்து சரியாக 2 சீட்டுகளையும், மேசையிலுள்ள 5 பொதுச் சீட்டுகளிலிருந்து 3 சீட்டுகளையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். எனவே ஒரு கையின் வலிமையை, 4 சீட்டுகளில் அமையும் 6 இணைகளைக் கொண்டு மதிப்பிடலாம். நான்கு இரண்டுகள் வந்தால், ஆறு இணைகளும் ஒரே தாழ்ந்த சோடியே. ஐந்தாவது இரண்டு கட்டில் இல்லை. பிரிமெரோவின் உச்சக் கை, ஓமாகாவில் பந்தயம் வைக்காமல் கைவிட வேண்டிய கையாகிறது. மூன்று சீட்டுகள் ஒரே எண்ணாக வந்தாலும் ஒன்று வீணே. சீட்டுகளின் மதிப்பை ஆட்டத்தின் விதியே தீர்மானிக்கிறது.

திறமையா, வாய்ப்பா?

திறமை சார்ந்த ஆட்டங்களையும் வாய்ப்பு சார்ந்த ஆட்டங்களையும் கார்டானோ வேறுபடுத்திப் பார்த்தார். போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, இந்த வேறுபாட்டைப் பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது.