மதுரவாயல்ல ஒரு ஆய்வுக்கூடம்: ஜானகி அம்மாள்

இந்தக் கட்டுரைக்குக் காரணம் என் சித்தப்பா பொண்ணு. ப்ளஸ் டூ முடிச்சிட்டு, ஜெனிடிக்ஸ் தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. திருநின்றவூர்ல எங்க தெருவுல எந்த வீட்டைத் தட்டினாலும் ஒரு இன்ஜினியர் வருவான். அந்தத் தெருவுல இப்படிச் சொன்னா என்ன ஆகும்? அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவேன்னு சித்தப்பா கேட்டார். அவளுக்குப் புத்தி சொல்ல ஃபைனல் இயர் இன்ஜினியரான என்னைக் கூப்பிட்டார். புத்தி சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் தேடிப் பார்ப்போம்னு உக்காந்தேன். அப்பத்தான் ஜானகி அம்மாள் கிடைச்சாங்க.

இ. கே. ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தவர். அப்பா அன்றைய மதராஸ் மாகாணத்தில் சப் ஜட்ஜ். பெரிய குடும்பம். அக்கா, தங்கைகளுக்கு வரிசையாகக் கல்யாணம் நடந்தது. இவருக்கும் சொந்தத்திலேயே மாப்பிள்ளை பேசினார்கள். இவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார்.

மெட்ராஸ் வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் 1921-ல் தாவரவியல் ஹானர்ஸ் முடித்தார். ஒண்ணு கவனிங்க, இவர் இளங்கலையில் படிச்சது மரபியல் இல்ல, தாவரவியல். மரபியல் அப்போ பச்சைக் குழந்தை. மெண்டலின் பட்டாணிச் செடி ஆராய்ச்சியை உலகம் மறுபடி கண்டுபிடித்ததே 1900-ல்தான். ஜெனிடிக்ஸ் என்ற பெயரை பேட்சன் என்ற ஆங்கிலேயர் வைத்தது 1905-ல். அதாவது, இந்தத் துறைக்குப் பெயர் வைக்கும்போது ஜானகிக்கு ஏழெட்டு வயது.

பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்பர் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. ஆசியப் பெண்களுக்காகவே இருந்த உதவித்தொகை அது. அங்கே முதுகலையும், 1931-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். அவர் வேலை, செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணுவது. கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா எந்தச் செடியை எதோட சேர்க்கலாம், பிறக்கிற செடி விதை தருமா தராதா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கணக்கை வச்சுத்தான்.

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். சாறு நிறைய உள்ள கரும்பு நம்ம நாட்டுச் சூழலுக்குத் தாங்காது. காட்டுக் கரும்பு எதையும் தாங்கும், ஆனா இனிப்பு கிடையாது. ரெண்டையும் சேர்த்துப் புது ரகங்கள் உருவாக்குவதுதான் அந்த நிலையத்தின் வேலை. கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட இவர் கலந்து காட்டினார். திறமை மட்டும் போதவில்லை. கல்யாணம் ஆகாத பெண், அதிலும் ஒடுக்கப்பட்ட சாதி என்பதால் அங்கே அவர் பட்ட சங்கடங்களை அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

1939-ல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். உலகப் போர் வெடித்தது. இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். லண்டனில் ஜான் இன்னெஸ் நிறுவனத்தில் வேலை. அதன் முதல் இயக்குநர் யார் தெரியுமா? ஜெனிடிக்ஸ்னு பெயர் வச்ச அதே பேட்சன்! குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாராம். காலையில் ஷெல்பில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டு வேலையைத் தொடருவாராம். அந்த வருஷங்களில் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து ஒரு பெரிய அட்லஸ் எழுதினார். 1945-ல் அது வெளிவந்தது.

பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா செடிகளுக்குக் கோல்சிசின் என்ற மருந்தைக் கொடுத்து ஆராய்ந்தார். செல் பிரியாமல் தடுத்து, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் மருந்து அது. நம்ம மாநில மலரான செங்காந்தளிலும் அதே கோல்சிசின் இருக்கு. விஸ்லியில் வளர்ந்த ஒரு மக்னோலியா ரகத்துக்கு இன்றும் இவர் பெயர்தான்.

1951-ல் நேரு அழைத்ததால் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977-ல் பத்மஸ்ரீ. எண்பது வயதை நெருங்கும்போது, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை எதிர்த்தார். வாழ்நாள் முழுக்கச் செடிகளை மாற்றிப் பார்த்தவர், கடைசியில் ஒரு காட்டை மாற்றாதீங்கன்னு கேட்டார். 1984 நவம்பரில் அது தேசியப் பூங்கா ஆனது. பார்க்க அவர் இல்லை. அதே வருஷம் பிப்ரவரி 7 அன்று இறந்துவிட்டார்.

எங்கே தெரியுமா? மதுரவாயல்ல. 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடம் அங்கேதான் அவர் வீடும் வேலையிடமும். திருநின்றவூர்ல இருந்து பூந்தமல்லி போய் ஒரு பஸ் மாறினா வர்ற இடம். நான் எத்தனையோ தடவை அந்த வழியா கோயம்பேடு போயிருக்கேன். ஒரு தடவைகூட இந்தப் பெயர் காதுல விழல.

இதையெல்லாம் சித்தப்பாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, அந்தம்மா ஜட்ஜ் பொண்ணு, நான் ஷிப்ட்டுக்குப் போறவன்னு சொன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அது நியாயமான பயம். இளங்கலையோட நிறுத்தினா இந்தத் துறையில பெருசா கதவு திறக்காது, மேல படிக்கணும் என்பதையும் மறைக்காம சொன்னேன். ஜானகி அம்மாள் மாதிரி முதல்ல தாவரவியல் பி.எஸ்சி. படிக்கட்டும், அதுலயே மரபியல் வரும், பிறகு தரமணியில சென்னைப் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை இருக்குன்னு சொன்னேன்.

சித்தப்பா சரின்னு இன்னும் சொல்லல. ஆனா நேத்து ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து, ராணி மேரி கல்லூரிக்கு எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்னு கேட்டார்.