மோட்டாரைப் பிரித்துப் பார்த்த விவசாயி மகன்

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளில் தண்ணீர் நின்றால் வத்திராயிருப்பு வட்டாரத்துக் கிணறுகளிலும் ஊற்று பிடிக்கும். அதைத் தென்னைக்கும் நெல்லுக்கும் இறைக்க நீங்கள் ஸ்டார்டரின் பொத்தானை அமுக்கினால் போதும். உங்கள் தாத்தாவுக்கு அந்த வசதி இல்லை. விடியும் முன்பே மாடு கட்டிக் கமலை இறைத்தார். உங்கள் மோட்டாரில் உள்ள தகட்டைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கோயம்புத்தூர் என்று இருக்கும். அந்த ஊர் மோட்டார் ஊரானதில் ஜி.டி.நாயுடுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

கோவையை அடுத்த கலங்கலில் 1893 மார்ச் 23ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, படிப்பு பாதியில் நின்றது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியைப் பார்த்த அந்த இளைஞருக்கு அதன்பின் வேறு நினைப்பே இல்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சில ஆண்டுகள் கூலியை மிச்சம் பிடித்து அதுபோன்ற வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டினார். அதுதான் அவர் படித்த பொறியியல்.

பிறகு பஞ்சு வியாபாரத்தில் கை வைத்துப் பெரும் நஷ்டப்பட்டார். 1920ல் ஒரே ஒரு பஸ்ஸுடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கி, தானே ஓட்டினார். அதுவே பின்னாளில் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. கிணற்று விவசாயிக்கும் ஆசை பிறந்தது. ஆனால் மோட்டார் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். விலையும் அதிகம், பழுதானால் உதிரி பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டும். பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937ல் பீளமேட்டில் மின் மோட்டார் தயாரித்தார் ஜி.டி.நாயுடு. இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அதன்பின் மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் கோவையில் பெருகின. 1944ல் பாபநாசம் நீர்மின் திட்டம் வந்து, தென் மாவட்டங்களிலும் கம்பி நீண்டபோது, கிணற்றில் இறக்க உள்ளூர் மோட்டார் தயாராக இருந்தது.

விவசாயத்தையும் அவர் விடவில்லை. பத்தடிக்கு மேல் வளரும் பருத்தி, பப்பாளி என்று சோதனைகள் செய்தார். 1945ல் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் உருவாகக் காரணமாக இருந்தார். பல ஆண்டுப் படிப்பைச் சுருக்கி, கையால் வேலை செய்ய வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அது ஏற்கப்படாததால் விலகினார். 1974 ஜனவரி 4ல் காலமானார்.

அவர் செய்த மோட்டாரை நாம் எடுத்துக்கொண்டோம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கத்தை எடுத்துக்கொண்டோமா?

பிளவக்கல் அணைக்குக் கீழே ஒரு தோப்புக்குப் போயிருந்தேன். ஒரே வருடத்தில் இரண்டு முறை காயில் எரிந்து, ரீவைண்டிங் செய்தாயிற்று. மோட்டார் சரியில்லை என்பது விவசாயியின் முடிவு. மெயினை அணைத்துவிட்டு வயர்மேன் பார்த்தார். மூன்று பேஸில் ஒன்று இணைப்பில் தளர்ந்திருந்தது. மீதி இரண்டு பேஸில் மோட்டார் திணறி ஓடிச் சூடாகியிருக்கிறது. பீஸ் கேரியரில் பீஸ் கம்பிக்குப் பதில் முறுக்கிய செம்புக் கம்பி. எர்த் கம்பி பாதியில் அறுந்து சுவரில் தொங்கியது. மோட்டார் எரிந்தால் பணத்தோடு போகும். எர்த் இல்லாத மோட்டாரை ஈரக்கையோடு தொட்டால் உயிர் போகும்.

ஆகவே இந்த வாரமே மோட்டார் அறையைப் பாருங்கள். மெயினை அணைத்து, பீஸைக் கழற்றிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். மோட்டார் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இருக்க வேண்டும். எர்த் குழி காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். ஸ்டார்டரில் ஓவர்லோடு ரிலேவும், ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவியும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வைக்கலாமா என்று கேளுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் வகை மனித உயிரைக் காக்கும்.

மலையடிவாரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காட்டுப்பன்றிக்குப் பயந்து, மோட்டார் அறையிலிருந்து நேராக வேலிக்குக் கம்பி இழுப்பது. அந்தக் கம்பிக்குப் பன்றி, யானை, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை என்ற வித்தியாசம் தெரியாது. அது குற்றமும்கூட. சூரிய மின்வேலி வேறு. அதில் நொடிக்கொரு முறை வெட்டென்று அடித்து நிற்கும் துடிப்புதான் ஓடும், விலங்கு அஞ்சி விலகும். அதற்கும் 2023ல் வந்த தமிழக விதிகளின்படி வனத்துறையில் பதிவு வேண்டும்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஓர் இளைஞர், ஓடும் வண்டியை நிறுத்தி, பிரித்து, புரிந்துகொண்டார். ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்திவிட்டு வயர்மேனோடு நீங்களும் நின்று பாருங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கேளுங்கள்.