தூரத்தைச் சொன்ன டாஃபி போவன்

வேல்ஸ்ல 1911-ல பிறந்தவர் டாஃபி போவன். ரேடாரை 1937-லயே விமானத்துக்குள்ள ஏத்திக் காட்டியவர். 1940-ல ரகசிய மேக்னட்ரானை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன குழுவிலும் இருந்தார். (அந்தப் பெட்டி லண்டன்ல டாக்ஸி கூரை மேல போச்சாம்!)

1944-ல ஆஸ்திரேலியா போனார். அங்க அவர் தலைமையில டிஎம்இ உருவானது. ரேடார் எதிரொலிக்குக் காத்திருக்கும். இதுல விமானம் துடிப்பை அனுப்பினா தரை நிலையமே பதில் அனுப்பும். இன்றைய கருவியில அந்தப் பதில் 50 மைக்ரோசெகண்ட் தாமதிச்சு வரும். அதைக் கழிச்சா, மிச்ச நேரத்துல தூரம் கிடைச்சிடும். மேகத்துக்குள்ள எதுவுமே தெரியாத பைலட், எங்கிருந்து கீழே இறங்கணும்னு இதை வச்சுத்தான் கணக்குப் போடுவார். ஆனா இது சாய்வு தூரம். நிலையத்துக்கு நேர் மேலே 36,000 அடியில இருந்தாலும் பூஜ்யம் வராது, சுமார் 6 கடல் மைல்னு காட்டும்.

பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி உருவாகவும் போவன்தான் முன்னின்றார். 1991-ல ஆஸ்திரேலியாவிலேயே காலமானார்.