கரும்பின் குலம் திருத்திய ஸர் வெங்கட்ராமன்

பொங்கல் திருநாளில் நம் இல்லங்கள்தோறும் கரும்பு சார்த்திக் கதிரவனை வணங்குகின்றோம். பாபநாசம், கபிஸ்தலம் பக்கத்துப் படுகைகளில் கரும்பு பயிரிட்டு, ஆலையாட்டி வெல்லங் காய்ச்சுவதை நம்மவர் தலைமுறை தலைமுறையாக அறிவர். ஆயினும், அக்கரும்பின் குலத்தையே திருத்தி அமைத்த தமிழ்ப் பெரியார் ஒருவரின் வரலாற்றை நம் பிள்ளைகளுட் பலர் அறிந்திலர். அக்குறையை ஒருவாறு நீக்கவே இதனை எழுதப் புகுந்தோம்.

திருவாடி சாம்பசிவ வெங்கட்ராமன் 1884ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தார். ஆங்கிலேயர் ஏடுகளில் திருவாடி என வழங்கியது, நமக்கு மேற்கே காவிரிக்கரையில் விளங்கும் திருவையாறேயாகும். அதே ஆண்டு ஜனவரியில், ஐரோப்பாவில் புரூண் நகரத்து மடத்தில் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி காலஞ்சென்றார். அவர் தொடங்கிய வித்தையை நம் நாட்டுக் கழனியில் பயன்படுத்திக் காட்டியவர் வெங்கட்ராமன். ஆதலின், அவ்வித்தையை முதலிற் கூறுதல் வேண்டும்.

மெண்டல் 1856 முதல் மடத்துத் தோட்டத்திற் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தபோது, பிறந்தவை யாவும் நெட்டையாகவே இருந்தன. அவற்றின் விதையை மீண்டும் விதைத்தபோதோ, நான்கில் மூன்று பங்கு நெட்டையும் ஒரு பங்கு குட்டையுமாக எழுந்தன. குட்டைத்தன்மை அழிந்திலது, ஒரு தலைமுறை மறைந்திருந்து மறுதலைமுறையில் வெளிப்பட்டது. ஒவ்வொரு குணத்துக்கும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு கூறுகள் வருகின்றன என்பதே அதன் பொருள். 1866இல் இது அச்சேறியும், 1900 வரை உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

கரும்பை நாம் கரணை நட்டே பயிரிடுகின்றோம். கரணையிலிருந்து வருவது தாய்க்கரும்பின் மறுவடிவே; அதனாற் புதுக்குணம் தோன்றுதல் அரிது. கரும்பின் விதை முளைக்கும் என்பதே 1880களில் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலுந்தான் உறுதிப்பட்டது. அந்நாளில் வடஇந்தியக் கரும்பு எழுதுகோல் போல் மெலிந்து விளைவு குறைந்திருந்தது. தென்னாட்டுத் தடித்த கரும்போ அங்குள்ள பனியைத் தாங்கவில்லை. சர்க்கரைக்கு நாடு ஜாவாவை எதிர்பார்த்து நின்றது.

கோயம்புத்தூரில் கரும்பு நன்கு பூத்து விதை பிடிக்கும். ஆதலின் 1912இல் அங்கே ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பார்பர் என்னும் ஆங்கிலேயர் தலைவராகவும், வெங்கட்ராமன் அவர்க்குத் துணைவராகவும் பணி தொடங்கினர். இனிப்பு மிக்க வெள்ளைக் கரும்பைத் தாயாகவும், வாய்க்கால் ஓரங்களில் யாரும் மதியாது கிடக்கும் நாணலைத் தந்தையாகவும் கொண்டு கலப்பினம் உண்டாக்கினர். நாணலிற் சர்க்கரை இல்லையெனினும், குளிரையும் வறட்சியையும் தாங்கும் வலிமை உண்டு. அக்கலப்பிற் பிறந்த கோ 205 என்னும் கரும்பு 1918இல் வடநாட்டு உழவர்க்கு வழங்கப்பெற்றது.

இப்பணி எளிதன்று. கரும்பின் பெற்றோர் இருவருமே கலப்புக் குணமுடையர்; ஆதலின் ஒரு பூங்கதிரின் விதைகளில் ஒன்றைப்போல் மற்றொன்று முளைப்பதில்லை. ஆயிரக்கணக்கான நாற்றுக்களை வளர்த்து, ஆண்டுக்கணக்காகச் சோதித்து, ஒன்றிரண்டையே கொள்ளுதல் வேண்டும். கொண்டபின் கரணை நட்டு அக்குணத்தை மாறாது நிலைநிறுத்தலாம்.

பார்பருக்குப் பின் தலைமை ஏற்ற வெங்கட்ராமன், கலப்பினத்தை இனிய கரும்புகளோடு மீண்டும் கலந்து கோ 213, கோ 281, கோ 290 முதலியவற்றைத் தந்தார். பின்னர் தென்னாட்டிற் புகழ்பெற்றது கோ 419. 1932இல் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தபோது, ஏற்ற கரும்பு ஆயத்தமாக இருந்தது. முப்பதளவில் இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் நூறுக்கு மேற்பட்டன. லூயிஸியானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கோயம்புத்தூர்க் கரும்பு பயிராயிற்று. 1934இல் அந்நிலையத்திற் சேர்ந்த ஜானகி அம்மாள் என்னும் பெண்மணியும் இவ்வாராய்ச்சியை வளர்த்தார்.

வெங்கட்ராமன் 1937இல் இந்திய விஞ்ஞான காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். 1942இல் ஸர் பட்டமும், 1956இல் பத்மபூஷணும் பெற்றார். 1963 ஜனவரியில், பொங்கல் கழிந்த சில நாட்களில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இனி, நம் சங்கத்தார் சிந்திக்கற்பாலது ஒன்றுண்டு. மறைந்திருக்கும் கூறு மனிதர்க்கும் பொதுவே. நோய்க்கூறு ஒன்று ஒரே குடும்பத்தார் பலரிடம் மறைந்திருத்தல் கூடும். நெருங்கிய உறவிற் கொண்டு கொடுத்தால், அது இருபுறமிருந்தும் வந்து குழந்தையிடம் வெளிப்படலாம். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவு விட்டுப்போகாமல் மணம் பேசும் பெரியோர், பேசுமுன் மருத்துவரைக் கலந்து கொள்ளுதல் நலம்.

மற்றொன்று. தாவரநூலார் இனிப்பு மிக்க தடித்த கரும்பை உயர்குலக் கரும்பு என்றே வழங்குவர். அவ்வுயர்குலம் வடநாட்டுப் பனியில் நின்று பிழைக்க, இகழப்பட்ட நாணலே துணை செய்தது. பிறப்பின் பேரால் ஒன்று கூடியிருக்கும் நாம், நம் உயர்வைப் பேசும்போதெல்லாம் இதனை மறத்தல் ஆகாது. வரும் பொங்கலிற் கரும்பை ஒடித்துக் கொடுக்கையில், இக்கதையையும் நம் மக்களுக்குச் சொல்வோமாக.