மூன்று அழைப்புகளும் ஒரு மரத்தடியும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கிய தமிழரில் பெருந்தொகையினர், பிழைப்புத் தேடி வட ஆற்காட்டுக் கிராமங்களை விட்டுச் சென்றவர்கள். 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து அச்சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. அவர்கள் விட்டுச் சென்ற கிராமங்களிலோ, பிரசவ வேதனையில் தவிக்கும் பெண்ணுக்கு உதவ மருத்துவர் இல்லை. அதே 1902-இல் வேலூரில் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றைத் திறந்தார் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

அவர் இவ்வூழியத்தை முதலில் விரும்பியவரல்லர். 1870-இல் இராணிப்பேட்டையில், தலைமுறை தலைமுறையாய் மிஷனெரிகளாயிருந்த குடும்பத்தில் பிறந்தார். சிறு பிராயத்திலேயே பஞ்சத்தின் கொடுமையைக் கண்டதாலோ என்னவோ, அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ எண்ணியிருந்தார். தாயார் நோயுற்றதனால் மட்டுமே 1890-இல் திண்டிவனம் திரும்பினார்.

அங்கே ஓரிரவு மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஐடாவோ மருத்துவம் அறியாதவர். அவருடைய தந்தை மருத்துவர். உடனே வரவும் ஆயத்தமாயிருந்தார். ஆயினும் அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்க்க மூவரும் இசையவில்லை. பொழுது விடிந்ததும் பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் மரித்துப்போயிருந்தனர். மருந்து எட்டும் தூரத்திலிருந்தும் வழக்கம் குறுக்கே நின்றது! அன்று காலை அவர் ஜெபித்து, தம்மை ஒப்புக்கொடுத்தார்.

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இன் தொடக்கத்தில் இந்தியா வந்தார். அவ்வாண்டிலேயே தந்தை காலமானார். ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருந்தகத்தில் இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளைப் பார்த்தார்.

பின்னாளில் எழுந்த பெரிய கட்டடங்களையே பலரும் பேசுகிறார்கள். அவர் நெஞ்சைக் காண வேண்டுமானால் குடியாத்தம் சாலைக்கு வர வேண்டும். அவ்வூருக்கு மேற்கே மலையைக் கடந்தால் தங்கவயல். வேலூருக்கு நடந்துவர இயலாதவர்களுக்காக, வாரந்தோறும் குறித்த நாளில் அச்சாலையோர மரங்களின் கீழ் மருந்துப் பெட்டியைத் திறந்தார். முதலில் மாட்டுவண்டி, பின்னர் மோட்டார் வண்டி. அந்த வண்டியைக் கண்டு அஞ்சி ஓடிய கிராமத்தார், நாளடைவில் அதற்காகவே மரத்தடியில் காத்திருந்தனர். புண்ணைக் கழுவுதல், கட்டியைக் கீறுதல், கண்ணுக்கு மருந்திடுதல் என மீண்டும் மீண்டும் அதே வேலைகள். அடுத்த வாரம் அதே முகங்கள். தொழுநோயாளரும் வந்தனர், அவர்களையும் தொட்டே பார்த்தார்.

தம் இரு கரங்கள் போதா என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஆறு பெண்களாவது சேர்வார்களா என மருத்துவத் துறையின் தலைமை அதிகாரி ஐயுற்றார். வந்த விண்ணப்பங்களோ 151! நான்கு ஆண்டுகளில் முதல் வகுப்பிலிருந்து 14 பெண்கள் மருத்துவர்களாக வெளிவந்தனர்.

அம்மையார் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதத்தில் கொடைக்கானலில் தம் 89-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். திண்டிவனத்தில் அவரால் காப்பாற்ற முடியாமற்போன அந்த மூன்று பெண்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.