பத்து வெள்ளியைத் தோட்டமாக்கிய துன் சம்பந்தன்

1950களின் பிற்பகுதியில் நம் தோட்டப்புறங்களை ஓர் அச்சம் பிடித்துக்கொண்டது. வெளிநாட்டு முதலாளிகள் பலர் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டுக் கைமாற்றினர். இதுவே தோட்டத் துண்டாடல். தோட்டம் துண்டானால் பால்மரம் வெட்டும் வேலை மட்டும் போவதில்லை. லயத்து வீடு, தமிழ்ப்பள்ளி, ஆயக்கொட்டகை, கோயில் என அனைத்தும் ஒரே நாளில் கேள்விக்குறியாகும்.

இதற்கு வழி தேடியவர் துன் வீ.தி.சம்பந்தன். 1919 ஜூன் 16இல் பேராக், சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். சொந்த ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை எழ முன்னின்றார். 1955இல் ம.இ.கா. தலைவராகவும் தொழிலாளர் அமைச்சராகவும் பொறுப்பேற்றார்.

துண்டாடலால் விளையும் துயரத்தைப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானிடம் எடுத்துரைத்தார். ஆனால், அரசாங்கத்தின் கையை மட்டும் எதிர்பார்த்து நிற்கவில்லை. விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கினால் என்ன என்று சிந்தித்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாக, வீடு வீடாகச் சென்றார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேமித்துச் சங்கத்தில் பங்கு வாங்கும்படி கேட்டுக்கொண்டார். நாள் கூலியில் வயிறு கழுவிய குடும்பத்துக்கு அன்று பத்து வெள்ளி சிறிய தொகையல்ல. கண்ணில் காணாத நிலத்துக்காக அதைக் கொடுக்க நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையை அவர் நேரில் சென்று சம்பாதித்தார்.

1960களின் தொடக்கத்தில் கெடாவில் சுமார் 3,000 ஏக்கர் கொண்ட புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பிறகு வேறு தோட்டங்களும் சேர்ந்தன. அதுவரை கூலி மட்டுமே வாங்கியவர், இலாப ஈவு பெறும் பங்குதாரரானார். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் கிடைத்தது.

எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. சங்கத்தின் பணம் எட்டாத இடங்களில் துண்டாடல் நடந்தே தீர்ந்தது. அங்கிருந்த குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து சிதறின. வாங்கப்பட்ட தோட்டத்துக்கும் வாங்க முடியாத தோட்டத்துக்கும் இருந்த இந்த வேறுபாடே அவர் திட்டத்தின் மதிப்பைக் காட்டுகிறது.

1973இல் ம.இ.கா. தலைமையை விட்டு விலகிய அவர், 1979 மே 18இல் காலமானார். பிரிக்பீல்ட்ஸ் சாலை ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஆனால், தொழிலாளர்களின் சேமிப்பில் எழுந்து இன்றும் இயங்கும் அந்தச் சங்கமே அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து.